லைட் இருக்கிறது, பவர் இருக்கிறது, சர்வீஸ் மட்டும் சரியில்லை: கரையோர ஃபைபர் நெட்வொர்க்கில் கிளாக் கோளாறு தேடும் வழி

"அண்ணே, ஓடிடிஆர் போட்டுப் பார்த்தாச்சு, ஃபைபர் சுத்தம். பவர் மைனஸ் 14. ரெண்டு கார்டு மாத்தியாச்சு. இன்னும் கம்ப்ளெய்ன்ட் வருது."

இந்த மாதிரி போன் மண்டபத்திலிருந்தும் வரும், தொண்டியிலிருந்தும் வரும். (ஓடிடிஆர் என்பது ஃபைபருக்குள் லைட் அனுப்பி, அதன் நீளத்தையும் பழுதான இடத்தையும் காட்டும் கருவி.) நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அந்த நோடு கிளாக்கை எங்கேருந்து எடுக்குது, தம்பி?" (நோடு என்றால் ஒவ்வொரு ஊரிலும் லைனில் உட்கார்ந்திருக்கும் நம் கருவி. கிளாக் என்றால் எல்லாக் கருவியும் பிட்டுகளை ஒரே வேகத்தில் அனுப்பி வாங்க வைக்கும் தாளம்.) பாதி நேரம் பதில் வராது. அதற்காக அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். ஃபைபர் அறுந்தால் என்ன செய்வது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். கிளாக் கெட்டால் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை.

ஃபைபர் அறுந்தால் சிவப்பு அலாரம் அடித்துக் கூப்பிடும். கிளாக் கெட்டால் எதுவும் அறுவதில்லை. விளக்கெல்லாம் பச்சையாகவே எரியும். கோளாறு சாயல்குடியில் இருக்கும், கம்ப்ளெய்ன்ட் ராமேஸ்வரத்தில் வரும். அதனால்தான் அறிகுறியிலிருந்து ஆரம்பித்து, கிளாக் வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கிறது. நம் கரையோரத்தில் நான் பார்த்த அறிகுறிகளை, எதை முதலில் பார்ப்பேன் என்ற வரிசையோடு இங்கே எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாள், ஒரு பேனா

கார்டைக் கழற்றாதீர்கள். நோடை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் கிளாக் வரும் வழியை வரையுங்கள். உதாரணத்துக்கு ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று ஒரு வரிசை இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு நோடுக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: இப்போது எந்தப் போர்ட்டிலிருந்து கிளாக் எடுக்கிறது, அது போனால் அடுத்து எதை எடுக்கும், அந்தப் போர்ட்டில் வரும் எஸ்எஸ்எம் என்ன.

எஸ்எஸ்எம் என்பது பக்கத்து நோடு தன் கிளாக்கின் தரத்தைச் சொல்லி அனுப்பும் சீட்டு. எஸ்டிஎச்-சில் (பல லைன்களை ஒன்றாக அடுக்கி ஃபைபரில் அனுப்பும் முறை) எஸ்1 பைட்டின் கடைசி நான்கு பிட்டில் வரும். 0010 என்றால் முதன்மைக் கடிகாரத் தரம். 0100, 1000 இரண்டும் எஸ்எஸ்யு-க்களின், அதாவது நடுவில் இருந்து கிளாக்கைச் சுத்தப்படுத்தி அனுப்பும் கடிகாரங்களின், தரம். 1011 என்றால் கருவியின் சொந்தக் கடிகாரம். 1111 என்றால் "என்னிடமிருந்து எடுக்காதே".

வரைந்ததும் அம்புக்குறிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே முதன்மைக் கடிகாரத்தில் தொடங்கி வெளியே போக வேண்டும். ஏதாவது ஒரு அம்பு கிளம்பிய நோடுக்கே சுற்றி வந்தால் கோளாறு பாதி கிடைத்துவிட்டது. அப்படியே நோடுகளையும் எண்ணிவிடுங்கள். ஐடியு, அதாவது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், வைத்த ஜி.803 கணக்குப்படி இரண்டு எஸ்எஸ்யு-க்கு நடுவே 20 கருவிக் கடிகாரத்துக்கு மேல் வரக்கூடாது, மொத்தச் சங்கிலியில் 60-க்கு மேல் போகக்கூடாது. நம் கரை நீளமானது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகச் சாயல்குடியிலிருந்து தொண்டிவரை ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நோடு என்று போட்டுக்கொண்டே போனால், இந்த 20 சீக்கிரம் வந்துவிடும்.

பி1, பி2 பிழைகள் ஏறுகின்றன

இது கிளாக் இல்லை, அநேகமாக. பி1-உம் பி2-உம் லைட் போகும் பாதையின் பிழைகள். கனெக்டர் முகத்தைத் துடையுங்கள், வளைவைப் பாருங்கள், பவரைப் பாருங்கள். பி1 சுத்தமாக இருந்து பாயிண்டரோ ஸ்லிப்போ (இரண்டையும் கீழே சொல்கிறேன்) மட்டும் ஏறினால்தான் கிளாக்கைத் தேட வேண்டும். இந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டால் பல நாள் அலைச்சல் மிச்சம்.

போனில் நடுவில் சத்தம், ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது, பிஆர்ஐ விழுந்து எழுகிறது

இது ஸ்லிப். இ1 என்பது பல பேச்சைச் சேர்த்துச் சுமக்கும் 2 மெகாபிட் லைன்; பிஆர்ஐ என்பது அலுவலகங்களுக்கு அதன் மேல் கொடுக்கும் தொலைபேசி லைன். இ1-இன் ஒரு ஃபிரேம் 125 மைக்ரோநொடி. அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஓடினால் பஃபர் மெல்ல நிரம்பும், அல்லது காலியாகும். கடைசியில் ஒரு முழு ஃபிரேம் தொலையும், இல்லையென்றால் இரண்டு முறை படிக்கப்படும். பேச்சில் அது சின்ன "டொக்". எல்லா ஸ்லிப்பும் காதில் விழாது, ஆகவே காதை நம்பாமல் கவுண்டரைப் பாருங்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது. 125-ஐ, இரண்டு ஸ்லிப்புக்கு நடுவே ஆகும் நொடிகளால் வகுத்தால் வேக வித்தியாசம் பிபிஎம்-இல், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, வரும்.

கீழக்கரையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகம், பிஆர்ஐ லைன். வெளிநாட்டுப் பேச்செல்லாம் அதில்தான். கடைக்காரர் நொந்துபோயிருந்தார். லைன் பார்க்கப் போன பையன் அவரிடம், "காக்கா, லைனைக் கட் பண்ணல, ஒரு கால் மணி நேரம் நம்பர் மட்டும் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தான். 15 நிமிடத்தில் 75 ஸ்லிப். அதாவது 12 நொடிக்கு ஒன்று. 125-ஐ 12-ஆல் வகுத்தால் 10 பிபிஎம்-க்குச் சற்று மேல். எஸ்டிஎச் நோடு முழுக்கக் கைவிடப்பட்டு ஃப்ரீ ரன்னில், அதாவது தன் சொந்தக் கடிகாரத்தில், ஓடினாலும் ஜி.813 தரப்படி 4.6 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் 10 பிபிஎம் நம் நோடிலிருந்து வர முடியாது. அலுவலகத்து இபிஏபிஎக்ஸ்-ஐ (உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) திறந்து பார்த்தால் கிளாக் அமைப்பு "இன்டர்னல்" என்று இருந்தது. "லைன்" என்று மாற்றினான், ஸ்லிப் நின்றது. அவன் எந்தக் கார்டையும் மாற்றவில்லை.

மற்ற எண்கள்: 27 நொடிக்கு ஒரு ஸ்லிப் என்றால் 4.6 பிபிஎம், அதாவது ஒரு எஸ்டிஎச் நோடு ஃப்ரீ ரன்னில் இருக்கலாம். இரண்டரை நொடிக்கு ஒன்று என்றால் 50 பிபிஎம், இ1 கருவிகளுக்கு அனுமதித்த எல்லையின் விளிம்பு. நாளைக்கு ஓரிரண்டு மட்டும் வந்தால் பதறாதீர்கள், ஜி.822 கணக்கில் 24 மணி நேரத்தில் 5 வரை ஏற்கத்தக்கது. ஆனால் இரண்டு பக்கமும் முதன்மைக் கடிகாரத் தரத்தில் இருந்தால் 72 நாளுக்கு ஒன்றுதான் வர வேண்டும். தினமும் ஒன்று வந்தால் எங்கோ ஒரு கடிகாரம் சங்கிலியை விட்டுக் கழன்றிருக்கிறது, அவசரமில்லாமல் தேடுங்கள்.

இன்னொரு பழைய பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்டிஎச் வழியாக வரும் ட்ராஃபிக் இ1-இலிருந்து கிளாக் எடுத்து அடுத்த கருவிக்குக் கொடுப்பார்கள். கூடாது. நடுவில் டியு-12 பாயிண்டர் (எஸ்டிஎச் சரக்குக்குள் அந்த இ1 எங்கே தொடங்குகிறது என்று காட்டும் எண்) ஒருமுறை நகர்ந்தாலே அந்த இ1 எட்டு பிட் அளவு குலுங்கும். நோடின் தனி 2048 கிலோஹெர்ட்ஸ் கிளாக் அவுட்புட்டிலிருந்து எடுங்கள், அது நேரே எஸ்டிஎம் லைனிலிருந்து (எஸ்டிஎச்-சின் ஃபைபர் லைன்) பிறப்பது.

பாயிண்டர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது

பாயிண்டர் நகர்வது தவறே இல்லை. அது எஸ்டிஎச் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். தொடர்ந்து ஒரே திசையில் நகர்வதுதான் நோய்.

15 நிமிடக் கவுண்டரில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அது வாண்டர். கடிகாரம் ஆடுகிறது, ஆனால் சங்கிலியில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் ஏறினால் வேகமே வேறு. ஏயு-4 பாயிண்டர் ஒருமுறை நகர்ந்தால் 3 பைட், 24 பிட். விசி-4-இன், அதாவது அந்தப் பாயிண்டர் சுட்டும் சரக்குப் பெட்டியின், வேகம் நொடிக்கு 150.336 மெகாபிட். கணக்குப் போட்டால் 1 பிபிஎம் வித்தியாசத்துக்கு நொடிக்கு 6 சொச்சம், 15 நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,640 நகர்வு வரும். உங்கள் கவுண்டரை 5,640-ஆல் வகுங்கள், பிபிஎம் கிடைக்கும். 564 என்றால் 0.1 பிபிஎம்: ஹோல்டோவரில் (வெளிக் கிளாக் போன பிறகு, கடைசியாகப் பிடித்த வேகத்தை நினைவில் வைத்து ஓடுவது) சில நாளாகக் கிடக்கும் நோடாக இருக்கலாம். 25,900 என்றால் 4.6 பிபிஎம்: எல்லை விளிம்பில் ஃப்ரீ ரன்.

திசையும் பேசும். பாசிட்டிவ் என்றால் அந்த நோடின் கடிகாரம், சரக்கு ஏற்றி அனுப்பிய நோடின் கடிகாரத்தைவிட வேகம். எதிர்த் திசையில் பார்த்தால் நெகட்டிவ் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் கணக்கு சரி.

இப்போது எங்கே என்று தேட வேண்டும். அந்த விசி-4 புறப்பட்ட இடத்திலிருந்து நோடு நோடாக நடந்து போங்கள். பாயிண்டர் முதன்முதலில் தோன்றும் நோடுதான் எல்லை. அதற்கு அப்பால் இருக்கும் நோடுகளும் அதே எண்ணிக்கையைக் காட்டும், ஆனால் அவை வாங்கியதைக் கடத்துகின்றன, அவ்வளவுதான். ராமேஸ்வரத்தில் 5,000 என்று காட்டுவதைப் பார்த்து ராமேஸ்வரம் கார்டை மாற்றுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். உச்சிப்புளியில் சுழி, மண்டபத்தில் 5,000, பாம்பனில் 5,000, ராமேஸ்வரத்தில் 5,000 என்றால் கேள்வி மண்டபத்துக்கு.

எல்லாம் லாக், எல்லாம் பச்சை, ஆனாலும் ஒரு பகுதி முழுக்க விலகி ஓடுகிறது

இதுதான் டைமிங் லூப்: நோடுகள் ஒன்றையொன்று பார்த்தே கிளாக் எடுப்பது. என் அனுபவத்தில் ஆளை அதிகம் ஏமாற்றுவது இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு ரிங்: ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, முதுகுளத்தூர், மறுபடி ராமநாதபுரம். முதன்மைக் கிளாக் ராமநாதபுரத்தில் நுழைகிறது. கீழக்கரை அதிலிருந்து எடுக்கிறது, ஏர்வாடி கீழக்கரையிலிருந்து எடுக்கிறது. ஏர்வாடி தனக்குக் கொடுத்த கீழக்கரைக்கே திரும்ப அனுப்பும்போது 1111 போடும். அதனால் கீழக்கரை ஒருபோதும் ஏர்வாடியைத் தவறாகப் பிடிக்காது.

ராமநாதபுரம், கீழக்கரை நடுவே ஃபைபர் அறுகிறது என்று வையுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் என்ன நடக்கும்? கீழக்கரை கிளாக் இழந்து ஹோல்டோவருக்குப் போய், ஏர்வாடிக்கு 1011 அனுப்பும். ஏர்வாடி அதைப் பார்த்துவிட்டு, சாயல்குடிப் பக்கம் 0010 வருகிறதே என்று அந்தப் பக்கம் திரும்பும். திரும்பியதும் கீழக்கரைக்கு 0010 அனுப்பும். கீழக்கரை அதைப் பிடித்துக்கொள்ளும். சில நொடிகளில் ரிங் எதிர்ப்பக்கம் சுற்றி ஒழுங்காகிவிடும். அழகான ஏற்பாடு.

நான் மாட்டிக்கொண்ட நாளில், என்றோ ஒரு இரவில் ஓர் அலாரத்தை அமுக்குவதற்காக, கீழக்கரையில் ஏர்வாடியைப் பார்க்கும் போர்ட்டில் யாரோ தரத்தைக் கையால் 0010 என்று நிலைநிறுத்தி வைத்திருந்தார்கள். வருவது 1111, நோடு நம்புவது 0010. ஃபைபர் அறுந்த நிமிடம் கீழக்கரை ஏர்வாடியைப் பிடித்தது. ஏர்வாடி ஏற்கெனவே கீழக்கரையைப் பிடித்திருந்தது. நடுவில் வழிகாட்ட யாரும் இல்லை. இரண்டும் "லாக்", இரண்டும் "முதன்மைத் தரம்". இரண்டும் சேர்ந்து மெல்ல மெல்ல விலகி ஓடின.

லூப்பை எப்படி அடையாளம் காண்பது? உள்ளே இருக்கும் நோடுகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன, ஆகவே கீழக்கரையில் ஏற்றி ஏர்வாடியில் இறக்கும் ட்ராஃபிக்கில் பாயிண்டர் சுழி. வெளியிலிருந்து உள்ளே வரும் ட்ராஃபிக்கில் எல்லாம் பாயிண்டர். இப்படி உள்ளே அமைதி, ஓரத்தில் மட்டும் கலவரம் என்ற படம் தெரிந்தால் லூப்பைச் சந்தேகியுங்கள். வேக வித்தியாசம் நாளுக்கு நாள் கூடினால் சந்தேகம் வலுக்கிறது.

சரிசெய்ய ரீஸ்டார்ட் உதவாது. எழுந்ததும் மறுபடி அதே கையைத்தான் பிடிக்கும். கையால் போட்ட தரத்தை நீக்கி, வரும் எஸ்எஸ்எம்-ஐயே நம்பும்படி விடுங்கள். அப்புறம் ரிங் முழுக்க ஒவ்வொரு போர்ட்டிலும் இப்படிக் கையால் போட்டது வேறு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும்.

தீவுப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. ராமேஸ்வரத்துக்குப் போகும் ஃபைபர் எதுவானாலும் பாம்பன் கால்வாயைத் தாண்டியாக வேண்டும். வரைபடத்தில் ரிங் என்று காட்டினாலும் இரண்டு கையும் ஒரே பாலத்தின் மேல் போகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் அங்கே ஒரு வெட்டுக்கு இரண்டும் போகும், தீவு முழுக்க ஒரே நேரத்தில் ஹோல்டோவருக்குப் போகும். தீவுக்குள் தனியாக ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் இருப்பது அங்கே ஆடம்பரம் இல்லை, தேவை.

ஜிபிஎஸ் லாக் விட்டுவிட்டு வருகிறது

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் உப்பு. மன்னார் வளைகுடாப் பக்கமும் பாக் நீரிணைப் பக்கமும் காற்று உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. கச்சான் வீசும்போது ஒரு பக்கம், வாடை வீசும்போது மறுபக்கம்.

சாட்டிலைட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் வலிமையையும் பாருங்கள். உயரத்தில் இருக்கும் சாட்டிலைட் 40 டிபி-ஹெர்ட்ஸுக்கு மேல் காட்ட வேண்டும். எல்லாமே ஒரே சீராக 35-க்குக் கீழே இறங்கியிருந்தால் கேபிள், கனெக்டர் அல்லது ஆன்டெனா. ஒரு திசையில் மட்டும் குறைந்திருந்தால் அந்தத் திசையில் மறைப்பு: புதிதாக வளர்ந்த மரம், புதிதாக ஏற்றிய தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் மாட்டிய இன்னொரு ஆன்டெனா.

கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை படிந்திருக்கும். வெறுமனே துடைத்துப் போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குகிற மாதிரி. அப்போதுதான் தண்ணீர் மடிப்புக்குள் இறங்காது. கேபிள் ஷெல்டருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். இடிதாங்கிக் குமிழையும் மாற்றுங்கள், ஐப்பசி கார்த்திகை இடியில் அதுதான் முதலில் போகும். ஆன்டெனாவுக்கு மேலே போகும் மின்சாரத்தை ரிசீவர் அளந்து காட்டும்: சுழி என்றால் கேபிள் திறந்திருக்கிறது, அதிகம் என்றால் உள்ளே ஷார்ட்.

கேபிளை மாற்றினால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பலர் மறப்பது. கேபிளில் சிக்னல் ஒரு மீட்டருக்கு 4 முதல் 5 நானோநொடி எடுக்கும். 30 மீட்டர் கேபிளுக்குப் பதில் 70 மீட்டர் போட்டால் நேரம் 160 முதல் 200 நானோநொடி தள்ளிப்போகும். ஜி.8272 தரப்படி முதன்மை நேரக் கடிகாரம் மொத்தமே 100 நானோநொடிக்குள் நிற்க வேண்டும். ரிசீவரின் கேபிள் டிலே இடத்தில் புது நீளத்துக்கான மதிப்பைப் போடுங்கள்.

எல்லாம் புதிதாக இருந்தும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் லாக் போனால் சுற்றுப்புறத்தைத் தேடுங்கள். 2001-இல் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போனதற்குக் காரணம், படகுகளில் மாட்டியிருந்த டிவி ஆன்டெனா பூஸ்டர்கள் கோளாறாகி ஜிபிஎஸ் அலைவரிசையில் சத்தம் கிளப்பியது. மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே இருக்கும் நம் டவர்களுக்கும் இது நடக்கக்கூடியதுதான். படகு கடலுக்குப் போகும் நாள், கரையில் நிற்கும் நாள் என்று பிரித்துப் பார்த்தாலே துப்புக் கிடைக்கும்.

ஒரு வட்டாரத்து டவர்களில் அப்லிங்க் இரைச்சல், நடுவில் ஒரு டவர் மட்டும் சுகமாக இருக்கிறது

டிடிடி டவர்கள், அதாவது ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பி வாங்கும் 5ஜி-யும் சில 4ஜி-யும், வேகம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. நேரமும் ஒத்திருக்க வேண்டும். அலை வெளியேறும் இடத்தில் ±1.5 மைக்ரோநொடி, டவருக்கு நெட்வொர்க் கொண்டுவந்து கொடுக்கும் இடத்தில் ±1.1 மைக்ரோநொடி. எஃப்டிடி டவருக்கு (அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அலைவரிசை) இந்தக் கெடுபிடி இல்லை, வேகம் 50 பிபிபி-க்குள் (நூறு கோடியில் 50 பங்கு) இருந்தால் போதும். அதனால்தான் 4ஜி எஃப்டிடி வருடக்கணக்கில் ஓடிய அதே ஃபைபரில் 5ஜி வந்ததும் கம்ப்ளெய்ன்ட் ஆரம்பிக்கிறது.

நேரம் தவறிய டவர் தான் அனுப்ப வேண்டாத நேரத்தில் அனுப்புகிறது. பக்கத்து டவர்கள் அப்போது போனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன, அதுதான் அப்லிங்க். காது அடைவது அவற்றுக்குத்தான். ஆகவே கம்ப்ளெய்ன்ட் வந்த டவர்களை வரைபடத்தில் புள்ளி வையுங்கள், நடுவில் இருப்பதைச் சோதியுங்கள்.

தொண்டிப் பக்கம் சாலை வேலையில் ஜேசிபி கேபிளை அறுத்தது. இரவோடு இரவாகப் பையன்கள் ஒட்டினார்கள், பாராட்ட வேண்டிய வேலை. ஒரு ஃபைபரில் ஸ்ப்ளைஸ் லாஸ் (ஒட்டிய இடத்தில் லைட் குறைவது) இறங்கவில்லை, அதனால் அந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் இருந்த பழைய கேபிளின் உபரி ஃபைபருக்கு மாற்றிவிட்டார்கள். லிங்க் எழுந்தது, பவர் பிரமாதம், பிடிபி லாக். மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்து டவர்களில் இரைச்சல்.

பிடிபி, அதாவது பாக்கெட் அனுப்பி நேரத்தைக் கொண்டுசேர்க்கும் ஐஇஇஇ 1588 முறை, போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு பாதியாக வகுக்கிறது. சமமில்லையென்றால் வித்தியாசத்தில் பாதி அப்படியே நேரப் பிழையாகும். அது அதற்குத் தெரியாது, அலாரமும் கொடுக்காது. ஃபைபரில் லைட் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4.9 மைக்ரோநொடி. ஓடிடிஆரில் இரண்டு ஃபைபரையும் தனித்தனியாக அளந்தோம்: 640 மீட்டர் வித்தியாசம். 3.1 மைக்ரோநொடி, அதில் பாதி 1.57. எல்லை தாண்டியாயிற்று. எளிதாக நினைவில் வைக்க: 400 மீட்டர் வித்தியாசம் 1 மைக்ரோநொடி பிழை.

இரண்டு ஃபைபரையும் ஒரே கேபிளுக்குக் கொண்டுவருவதே முறையான தீர்வு. அதுவரை, அளந்த வித்தியாசத்தை அசிமெட்ரி மதிப்பாகப் போட்டுவைக்கலாம். குறி, பிளஸ்ஸா மைனஸா என்பதில் கவனம்: தவறாகப் போட்டால் பிழை இரட்டிப்பாகும். ரிங் மறுபக்கம் திரும்பினால் இந்த மதிப்பு பொருந்தாது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஒற்றை ஃபைபரில் இரண்டு நிறம் போகும் பைடி எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் லைட் மாட்யூல்) போட்டால் நீள வித்தியாசமே இல்லை. ஆனால் 1310 நானோமீட்டர் நிறமும் 1550 நானோமீட்டர் நிறமும் ஒரே வேகத்தில் போவதில்லை, கிலோமீட்டருக்கு 2 நானோநொடி அளவு வித்தியாசம் வரும். 40 கிலோமீட்டருக்கு 80, பாதி 40 நானோநொடி. பெரிய தொகை இல்லை, ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டியது. டிடபிள்யுடிஎம் பாதையில் (ஒரே ஃபைபரில் பல நிற லைட் போகும் பாதை) டிஸ்பெர்ஷனை, அதாவது லைட் துடிப்பு பரவிப்போவதை, சரிசெய்யும் ஃபைபர் சுருள் ஒரு திசையில் ஒரு நீளம், மறுதிசையில் வேறு நீளம் என்று இருந்தால் அதுவும் இதே நோய்தான். அந்தப் பாதையில் சிக்னலை ஏற்றி இறக்கும் ஓடிஎன் டிரான்ஸ்பாண்டரில், ஒவ்வொரு முறை லிங்க் விழுந்து எழும்போதும் உள்ளே இருக்கும் பஃபர் வேறு அளவில் நிற்கலாம். ஒவ்வொரு ஃபைபர் வெட்டுக்குப் பிறகும் பிழை வேறு எண்ணாக மாறினால் அங்கே பாருங்கள்.

நம் கடலுக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. காற்று அமைதியாக இருக்கும் வெயில் காலத்தில் கடலுக்கு மேல் ஈரக் காற்றும் வறண்ட காற்றும் அடுக்காக நின்று ரேடியோ அலைக்குக் குழாய் மாதிரி ஆகிவிடும். தொலைதூரத்து டவரின் டவுன்லிங்க் அதற்குள் ஓடி வந்து நம் அப்லிங்க்கில் விழும். எல்லாருடைய கடிகாரமும் சரியாக இருந்தும் இரைச்சல் வரும், ஏனென்றால் அலை 100 கிலோமீட்டர் வர 330 மைக்ரோநொடிக்கு மேல் ஆகிறது. பிரித்தறிய வழி: இது வானிலையோடு வந்து போகும், கடலைப் பார்க்கும் செக்டரில் மட்டும் இருக்கும், கார்டு பீரியடை (அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் நடுவே விடும் இடைவெளி) அடுத்து வரும் சிம்பல்களில் அதிகமாகத் தொடங்கிப் பிறகு குறையும். கடிகாரப் பிழை இப்படி வந்து போகாது. கரையோரத்தில் அப்லிங்க் இரைச்சல் என்றதும் பிடிபி-யைக் கலைப்பவர்கள் இரண்டு நாள் கவனித்துவிட்டுக் கலைக்கட்டும்.

ஜிபிஎஸ்-ஐ இழந்த டவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? 1 பிபிபி விலகினால் நொடிக்கு 1 நானோநொடி. 1.1 மைக்ரோநொடி தீர 1,100 நொடி, 18 நிமிடம். பின்னணியில் சிங்க்-இ (ஈதர்நெட் லைன் வழியே கிளாக் வேகத்தைக் கொடுக்கும் முறை) வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதே காலம் பல மணி நேரமாக நீளும். ஷெல்டரில் ஏசி நின்று சூடேறினால் ஆசிலேட்டர் இன்னும் வேகமாக விலகும். ஏசி கம்ப்ளெய்ன்டையும் கிளாக் கம்ப்ளெய்ன்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழை தினமும் அலை மாதிரி ஏறி இறங்குகிறது

நேரப் பிழையின் வரைபடத்தை மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உச்சி தினமும் பிற்பகல் வெயில் நேரத்தில் வந்தால் வெப்பம்: ஃபைபர் ஒரு டிகிரிக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40 பைக்கோநொடி நீளும், கம்பத்தில் தொங்கும் கேபிள் புதைத்ததைவிட அதிகம் ஆடும். உச்சி மாலை ஏழு முதல் பத்து மணிக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி இருந்தால் அது ட்ராஃபிக். பிடிபி பாக்கெட் எங்கோ வரிசையில் காத்திருக்கிறது, பவுண்டரி கிளாக் (பிடிபி நேரத்தைத் தான் வாங்கிப் புதிதாக அனுப்பும் வசதி) இல்லாத ஒரு ஸ்விட்ச் நடுவில் இருக்கிறது.

உச்சி தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தால் அது ஜிபிஎஸ் எதிரொலி. சாட்டிலைட்டுகள் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகின்றன. தகரக் கூரையோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்தில் நின்று எதிரொலித்தால் அந்த ஏற்ற இறக்கமும் அதே நேரக்கணக்கில் வரும். ஆன்டெனாவை இரண்டு மீட்டர் தள்ளி உயர்த்துங்கள்.

நேரம் முழு நொடிகளில் தவறு

18 நொடி என்றால் ஜிபிஎஸ் நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 37 என்றால் டிஏஐ-ஐ (அணுக் கடிகார நேரம்) யுடிசி என்று எடுத்திருக்கிறது. 19 என்றால் ஜிபிஎஸ்-ஐயும் டிஏஐ-ஐயும் குழப்பியிருக்கிறது. 5 மணி 30 நிமிடம் என்றால் இந்திய நேரம் இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது, அல்லது கூட்டப்படவே இல்லை. தேதி 19 வருடத்துக்கு மேல் பின்னால் போனால் ஜிபிஎஸ்-இன் 1024 வாரக் கணக்கு சுற்றிவிட்டது. 2019 ஏப்ரலில் பழைய ரிசீவர்களுக்கு இது நடந்தது. ஃபர்ம்வேர் வேண்டும், இல்லையென்றால் ரிசீவரை மாற்ற வேண்டும்.

பிடிபி அல்லது சிங்க்-இ லாக்கே ஆகவில்லை

டொமைன் எண் இரண்டு பக்கமும் ஒன்றா? பிடிபி அமைப்பில் ஜி.8275.1, ஜி.8275.2 என்று இரண்டு வகை: முன்னதற்கு இயல்பாக 24, பின்னதற்கு 44. ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது என்று இருந்தால் ஜன்மத்துக்கும் பேசாது. ஜி.8275.1-இல் பாக்கெட் விலேன் டேக் (நெட்வொர்க்கைப் பிரிக்கப் போடும் எண்) இல்லாமல் போக வேண்டும். சிங்க்-இ-யில் தரத்தைச் சொல்லும் ஈஎஸ்எம்சி பாக்கெட் நொடிக்கு ஒன்று. 5 நொடி வராவிட்டால் அந்தப் போர்ட்டை நோடு ஒதுக்கிவிடும். காப்பர் எஸ்எஃப்பி-யாக இருந்தால் சிங்க்-இ தாங்குமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள், பல மாடல்கள் தாங்காது. தாங்கினாலும் மாஸ்டர் பக்கமிருந்து ஸ்லேவ் பக்கம் மட்டுமே கிளாக் போகும்.

சரிசெய்த பிறகு

கவுண்டரைச் சுழியாக்குங்கள், 24 மணி நேரம் விடுங்கள். ஒரு வெயிலும் ஒரு இரவும் தாண்டாமல் கம்ப்ளெய்ன்டை மூடாதீர்கள். ரிங்காக இருந்தால் இரவில் அனுமதி வாங்கி, வேண்டுமென்றே ஒரு பக்கக் கிளாக்கை எடுத்துவிட்டு, மறுபக்கம் ஒழுங்காகத் திரும்புகிறதா, திரும்பிய பிறகு 1111 சரியான திசையில் போகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அப்புறம் அந்தத் தாள். கிளாக் வரும் வழி, இரண்டாவது வழி, ஆன்டெனா கேபிளின் நீளம், போட்ட அசிமெட்ரி மதிப்பும் அதன் குறியும், எந்த ஃபைபர் ஜோடி, தேதி. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஷெல்டர் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். உப்புக் காற்றில் வெறும் தாள் இரண்டு மாதம்கூடத் தாங்காது.